பேர் மாற்றி அரைத்த மிளகாய்

நாகஜோதி உறைப்புத் தின்று ஒரு வருஷம் ஆகப்போகிறது.

தேங்காய்க் களத்தில் மத்தியானம் எல்லாப் பெண்களும் தூக்குவாளியைத் திறந்து உட்காரும்போது, அவள் மட்டும் மட்டைக் குவியலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். அவள் வாளியில் மோர்ச்சோறும் உப்புப் போட்டு அவித்த காய் வெஞ்சனமும்தான். யாராவது கருவாட்டுக் குழம்பைத் திறந்தால் வாசம் வந்து மூக்கைப் பிடித்து இழுக்கும். வாயில் எச்சில் ஊறும். விழுங்கிக்கொள்வாள். ஆத்தூர்க்காரிக்கு உறைப்பில்லாத சோறு சீக்காளி சோறு. சீக்காளிகூடக் காய்ச்சல் விட்டதும் எழுந்து மிளகாயைக் கடித்துவிடுவான். இவள் சீக்காளி இல்லை. இவள் அரைத்தவள்.

ஆத்தூரிலிருந்து சித்தையன்கோட்டை போகிற வழியில், வாய்க்கால் ஓரமாக ஒரு காளியம்மன் இருக்கிறாள். கோபுரம் கிடையாது, தகரக் கொட்டகைதான். அவளுக்கு எதிரே இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நட்டிருக்கிறது. ஞாயக்கல்லு என்பார்கள். போலீஸிலும் பஞ்சாயத்திலும் நியாயம் கிடைக்காதவர்கள் அங்கே போய், கோயில் அம்மியில் வத்தல் மிளகாயை அரைத்து, அந்தக் கல்லில் பூசி, கெடுதல் செய்தவன் பேரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொன்னால் செல்லாது. சொன்ன நாளிலிருந்து பழி தீருகிற நாள்வரை அரைத்தவள் மிளகாய் தின்னக் கூடாது. தீர்ந்த பிறகு நல்லெண்ணெயும் இளநீரும் ஊற்றிக் கல்லைக் குளிர வைக்க வேண்டும். முதல் பேரைக் குளிர வைக்காமல் அடுத்த பேரைச் சொன்னால், எரிச்சல் சொன்னவளுக்கே திரும்பும்.

இன்னொன்றும் உண்டு. அரைத்த கையை எண்ணெய் தடவித் துடைக்கிறவரை முகத்துப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அது அம்மன் போட்ட சட்டம் இல்லை. மிளகாய் போட்ட சட்டம்.

நாகஜோதி சொன்ன பேர் இளஞ்செழியன். திண்டுக்கல் எம்.பி.யாக இருந்தவர்.

அவள் புருஷன் பொம்மையன் கம்பி கட்டுகிற வேலைக்காரன். திண்டுக்கல்லில் எந்த மாடி எழும்பினாலும் அதற்குள் தான் முறுக்கிய கட்டுக் கம்பி கொஞ்சமாவது இருக்கும் என்று சொல்லித் திரிவான். சண்டை நடக்கிற ஒரு வெளிநாட்டில், உள்ளூர் ஆட்களையெல்லாம் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டதால் கட்டட வேலைக்கு ஆள் இல்லையென்று நம் ஆட்களைக் கேட்டார்கள். டெல்லி சரி என்றது. டெல்லியோடு கூட்டு வைத்திருந்த இளஞ்செழியனின் கட்சியும் சரி என்றது. நட்பு நாட்டுக்குக் கஷ்டம் வரும்போது கை கொடுப்பது தமிழன் குணம் என்று கட்சித் தலைவர் மேடையில் பேசினார். கை கொடுக்கப் போனது தலைவர் வீட்டுப் பிள்ளைகள் இல்லை.

ஆத்தூர்ப் பக்கம் ஆள் சேர்த்தது கட்சியின் ஒன்றியச் செயலாளர் பாண்டியராஜ். கனத்த உடம்பு, வெள்ளை வேட்டி, மார்கழியிலும் வேர்க்கிற மனுஷன். பேச்சுக்கு நடுவே நெற்றியைக் கையால் வழித்து உதறிவிட்டுத்தான் அடுத்த பேச்சை எடுப்பார். சண்டை ஒரு ஓரத்தில் நடக்கிறது, வேலை இன்னொரு ஓரத்தில், நடுவில் மலை இருக்கிறது என்று வீடு வீடாகச் சொன்னார். மலை இருந்ததா என்று போனவர்களுக்குத்தான் தெரியும்.

திண்டுக்கல் மணிக்கூண்டுப் பக்கம் பந்தல் போட்டு, மாலை போட்டு அனுப்பினார்கள். எம்.பி. இளஞ்செழியன் பச்சைக் கொடியை ஆட்டினார். பஸ் நகர்ந்தது. பொம்மையன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வெயிலில் நிற்காதே, வீட்டுக்குப் போ என்றான். நேரில் அவன் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான். அவள் வெயிலில்தான் நின்றாள்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் செய்தி வந்தது. கட்டி முடிக்காத மாடியின் உச்சியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவன்மேல் குண்டு விழுந்துவிட்டது. பிணம் வரவில்லை. நாகஜோதி தினமும் யாரையாவது பிடித்துக் கேட்டாள். கலெக்டர் ஆபீஸுக்குப் போய் நின்றாள். எல்லாரும் மேலே கையைக் காட்டினார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் பாண்டியராஜ் வீட்டுக்கு வந்தார். வந்து உட்கார்ந்து, நெற்றியை வழித்து உதறிவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"உன் புருஷன் எப்பவோ வீடு வந்திருக்கணும் தங்கச்சி. நம்ம எம்.பி. பண்ணுன வேலை. டெல்லியில எந்திரிச்சு நின்னு அந்த நாட்டைக் கொலைகாரன்னு பேசிட்டாரு. அங்க ஆள் அனுப்புற தீர்மானத்தைக் கட்சி ஆதரிச்சு ஓட்டுப் போடச் சொன்னா இவரு எதிர்த்துப் போட்டுட்டாரு. அவங்க கோவிச்சுக்கிட்டுப் பொணத்தைப் புடிச்சு வச்சுக்கிட்டாங்க."

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பொம்மையன் அங்க கெடக்குறது அவருக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியாம என்ன. பேர் வாங்கணும்ல."

அன்றைக்குச் சாயங்காலமே அவள் அரைத்தாள். அம்மிக் குழவி உருளும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய்க் காரத்தில் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. கல்லில் பூசி, வாய்க்கால் அந்தக் கரைக்குக் கேட்கிற மாதிரிப் பேரைச் சொன்னாள்.

பிறகு ரொம்ப நாள் கழித்துப் பெட்டி வந்தது. கட்சிக் கொடி போர்த்தி, பாண்டியராஜ் முன்னால் நடந்து வந்தார். போட்டோ எடுத்தார்கள். அடக்கம் பண்ணுகிற நேரத்தில் இளஞ்செழியனின் கார் வாய்க்கால் பாலத்தில் வந்து நின்றது. அதற்குள் கட்சி அவரை நீக்கியிருந்தது. கட்சிக்காரர்கள் காரை மறித்தார்கள். மறித்தவர்களை விலக்கிக்கொண்டு நாகஜோதியே ஓடினாள். குழிமேட்டு மண்ணை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போய்க் காரின் கண்ணாடிமேல் தூற்றினாள். உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கவில்லை. கார் பின்னாலேயே நகர்ந்து போய்விட்டது.

அதன்பிறகு இளஞ்செழியனுக்கு ஒவ்வொன்றாய்ப் போயிற்று. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டதற்காக எம்.பி. பதவி போனது. சுவரில் எழுதியிருந்த பேர்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். கொடிக்கம்பத்துக் கல்லில் இருந்த பேரை உளி வைத்துக் கொத்தினார்கள். முப்பது வருஷமாகக் கூடவே திரிந்தவர்கள் எதிரே வந்தால் போனைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

களத்தில் கூட வேலை செய்கிற ஜக்கம்மாள் ஒரு நாள் இதையெல்லாம் அடுக்கிச் சொன்னாள். ஜக்கம்மாள் வாய்க்குக் களத்து முதலாளியே பயப்படுவார். "ஏத்தா, உன் மிளகா வேலை செஞ்சிருச்சு. அந்தாளு தெருவுக்கு வந்துட்டான். போயிக் கல்லைக் கழுவிட்டு வந்து கொழம்பைத் தின்னு. உன்னைப் பாத்துப் பாத்து எனக்கும் சோறு இறங்க மாட்டேங்குது."

"பதவி போனாப் போதுமாக்கா. அவன் வீட்டு அடுப்பு எரியுதுல்ல."

"அடுப்பு அணைஞ்சாத்தான் நீ சாப்பிடுவியா?"

"ஆமா" என்றாள் நாகஜோதி, கொப்பரையைத் தோண்டிக்கொண்டே.

இடைத்தேர்தல் வந்தது. கட்சி, பாண்டியராஜுக்கே சீட்டுக் கொடுத்தது. இளஞ்செழியன் தனியாக நின்றார். அந்த வாரத்திலேயே பாண்டியராஜ் மறுபடியும் அவள் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை இரண்டு வண்டியில் வந்தார். அவர் சொன்னது இதுதான்: அவள் தனியாக அரைத்தது ஊருக்குள்ளேயே நின்றுவிட்டது. இந்தத் தடவை மகளிரணி முழுக்க வரும், டி.வி. வரும். கேமரா முன்னால் அவள் மிளகாய் அரைத்து, கட்சிக்கும் நாட்டுக்கும் துரோகம் பண்ணினவன் பேரைச் சொல்ல வேண்டும். தேர்தல் அதிகாரி வந்து கேட்டால், பொம்பளைங்க சாமி கும்பிடுறாங்க, நாங்க என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நாகஜோதிக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் ஒரு வருஷமாக வராத சந்தோஷம். மாவட்டமே கேட்க அவன் பேரைச் சொல்லலாம். தலையை ஆட்டினாள்.

மறுநாள் அவள் களத்திலிருந்து வந்தபோது வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். இளவட்டம்தான், ஆனால் ஒரு காலை நீட்டி வைத்திருந்த விதத்தில் வயசு கூடித் தெரிந்தது. குஜிலியம்பாறையிலிருந்து வருகிறேன் என்றான். பேர் முகேஷ்குமார். அதே கட்டடத்தில் பொம்மையனோடு வேலை செய்தவன். குண்டு விழுந்த அன்றைக்கு இவன் கீழ்மாடியில் இருந்தான். கால் போகவில்லை, நட்டும் கம்பியுமாக ஒட்டியிருக்கிறது. இத்தனை நாளும் அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்து இப்போதுதான் ஊருக்கு வந்தானாம். மடியிலிருந்து ஒரு கொக்கியை எடுத்துக் கொடுத்தான். கம்பி முறுக்குகிற கொக்கி. பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது. பொம்மையன் இங்கிருந்தே கொண்டு போனது.

அவள் அதை வாங்கிக்கொண்டு, சாப்பிட உட்காரச் சொன்னாள். உறைப்பில்லாத குழம்பைப் பார்த்து அவன் முழித்ததும் காரணத்தைச் சொன்னாள். யார் பேரில் அரைத்தாள் என்றும் சொன்னாள்.

முகேஷ்குமார் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டான்.

"மதினி, யாரு சொன்னா உங்களுக்கு, எம்.பி. பேசினதாலதான் அண்ணன் உடம்பு வரலைன்னு?"

பாண்டியராஜ் சொன்னதாக அவள் சொன்னாள்.

"எம்.பி. டெல்லியில பேசினப்ப அண்ணன் உசுரோட இருந்துச்சு மதினி. நாங்க அம்புட்டுப் பேரும் பதுங்கு ரூமுக்குள்ள உக்காந்து போன்ல பாத்தோம். அண்ணன்தான் போனைப் புடிச்சிருந்துச்சு. அவரு பேசி முடிச்சதும், என் ஊரு எம்.பி.டான்னு மத்த ஊருக்காரங்ககிட்டச் சொல்லிச்சு."

அவள் கையில் இருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

அவன் மீதியையும் சொன்னான். குண்டு பக்கத்தில் விழ ஆரம்பித்ததும் எல்லாரும் ஊருக்குத் திரும்ப முடிவு பண்ணினார்கள். மேஸ்திரி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. பாண்டியராஜுக்குப் போன் போட்டார்கள். அவர், தலைவர் டெல்லியில் வாக்குக் கொடுத்திருக்கிறார், ஒரு ஆள் திரும்பினாலும் கட்சி மானம் போய்விடும், கம்முனு வேலையைப் பாருங்கள் என்றார். அதற்குப் பிறகு அவர் போனையே எடுக்கவில்லை. யாரிடமோ கெஞ்சி எம்.பி. நம்பரை வாங்கிப் பேசியது பொம்மையன்தான்.

"அண்ணன் உடம்பை அனுப்பி வச்சதும் எம்.பி.தான் மதினி. கட்சி நீக்குன பெறகும் தூதரகத்துக்குத் தினம் பேசினாருன்னு எங்க ஆஸ்பத்திரிக்கு வந்த தூதரக ஆளு சொன்னாரு. உங்ககிட்ட யாருமே சொல்லலையா?"

யாருமே சொல்லவில்லை. சொல்ல வந்தவர்மேல் மண்ணைத் தூற்றியிருந்தாள்.

முகேஷ்குமார் போன பிறகு அவள் ஜக்கம்மாளிடம்கூட ஒன்றும் பேசவில்லை. கொக்கியை முந்தானையில் முடிந்துகொண்டு வாய்க்கால் கோயிலுக்குப் போனாள். கல்லில் அவள் பூசியது காய்ந்து, கறுத்து, இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பூசாரி கொட்டகையில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். பேர் தப்பிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். பூசாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். யார் பேரைச் சொன்னாயோ அவன் முகத்துக்கு நேராகப் போய், உன் பேரில் அரைத்தேன் என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் கல் குளிரும் என்றார். அவருக்குத் தெரிந்து அப்படிப் போய்ச் சொன்னவர்கள் கிடையாது. தப்பென்று தெரிந்தாலும் ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

அவள் காலை பஸ்ஸில் திண்டுக்கல் போனாள்.

இளஞ்செழியன் பூட்டுக் கடைத் தெருவில் ஒரு மாடி அறையில் இருந்தார். கீழே கடை வைத்திருக்கிற நைனா முகமது வாடகை வாங்காமல் விட்டிருந்தார். கட்சிக்காரர்கள் கலாட்டா பண்ண வருவதால் அவர்தான் வாசலில் ஆள் பார்த்து மேலே அனுப்புவார். இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படி செங்குத்தா இருக்கும், பாத்துப் போங்கம்மா என்றார்.

மேலே நோட்டீஸ் கட்டுக்கு நடுவே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், டம்ளரில் மோரோடு அவர் உட்கார்ந்திருந்தார். கொடி ஆட்டின அன்றைக்குப் பார்த்த ஆள் இல்லை. சட்டை தோளில் நிற்கவில்லை.

"ஐயா, நான் ஆத்தூரு. பொம்மையன் வீட்டுக்காரி. உங்க பேர்ல மிளகா அரைச்சவ."

அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார். "அதான் ஒரு வருஷமா இங்க எரியுதா. டாக்டரு டீயை நிறுத்துன்னு சொன்னாரு. கோயிலைப் பத்திச் சொல்லலை."

நாகஜோதி சிரிக்கவில்லை. முகேஷ்குமார் வந்ததையும் சொன்னதையும் சொன்னாள். நிஜம்தானா என்று கேட்டாள்.

இளஞ்செழியன் மோரைக் கீழே வைத்தார். பொம்மையன் போன் பண்ணினது ஒரு சாயங்காலம் என்றார். பின்னால் சைரன் சத்தம் கேட்டதாம். அவன் அழவில்லை, கெஞ்சவில்லை. கூலி ஆள் முதலாளியிடம் கணக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டானாம்.

"என்ன கேட்டாரு?"

"நீங்கதான கொடி ஆட்டி அனுப்புனீங்க, திருப்பி ஒருக்கா ஆட்டுங்க, வந்துர்றோம். அப்படின்னான்."

அவர் உடனே தலைவருக்குப் போன் போட்டாராம். ஓட்டெடுப்பு முடிகிறவரை வாயைத் திறக்காதே என்று தலைவர் சொன்னார். இந்தக் கட்சியில் வாயைத் திறக்காதே என்று அவருக்குச் சொல்வது அது முதல் தடவை இல்லை. இலங்கையில் சனம் கொத்துக் கொத்தாகச் செத்தபோதும் சொன்னார்கள். அப்போது மூடிக்கொண்டார். மூடினதற்குக் கூலியாகத்தான் பின்னால் எம்.பி. சீட்டே வந்தது என்று அவரே சொன்னார். இந்தத் தடவை மூட முடியவில்லை. எழுந்து பேசினார், எதிர்த்து ஓட்டுப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கட்சியில் அவர் ஒரு ஓட்டைத் தவிர அத்தனையும் அந்தப் பக்கம் விழுந்தது. ஆள் ஏற்றிப் போகிற பஸ் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் பொம்மையனும் செத்தான்.

"அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ மண்ணைத் தூத்துன. வேற யாரு தூத்தியிருந்தாலும் எறங்கிப் பேசியிருப்பேன். கொடி ஆட்டுனது நான்தான தாயி. எதிர்த்து ஓட்டுப் போட்டா ஆட்டுன கொடி எறங்கிருமா?"

அவர் குரலைத் தாழ்த்தி, இதையெல்லாம் என் மேடையில் வந்து சொல்வாயா என்று கேட்டார். கேட்டதும் அவர் முகமே சுருங்கிவிட்டது. பழைய எம்.பி. ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"உங்க மேடையில ஏற மாட்டேன்யா" என்றாள். "அவுங்களே எனக்கு மேடை போட்டுட்டாங்க. நான் கல்லைக் குளிர வைக்கப்போறேன். உங்க வயித்துக்காக இல்ல. எனக்குக் கல்லு வேணும். அடுத்த பேர் இருக்கு."

இறங்கும்போது படியில் நின்று திரும்பினாள். "கொடி ஆட்டுனதுக்கு உங்க பங்கு தனியா இருக்கு. அதை நான் மறக்கலை."

"மறக்காத" என்றார் அவர்.

குறித்த நாளில் வாய்க்கால் ஓரம் திருவிழா மாதிரி இருந்தது. வேன் வேனாகப் பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பாதிப் பேருக்கு எதற்கு வந்தோம் என்று தெரியாது. கட்சிக் கலரில் சேலை கொடுத்திருந்தார்கள். டி.வி.க்காரர்கள் அம்மிக்குப் பக்கத்திலேயே மைக்கை நட்டு வைத்தார்கள். பாண்டியராஜ் வெயிலில் குளித்த மாதிரி வேர்த்து நின்றார். நாகஜோதி ஒரு சொம்பு நல்லெண்ணெயும் நாலு இளநீரும் கொண்டுவந்திருந்தாள். ஜக்கம்மாளும் களத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தாள். தோழி முகத்தில் என்னவோ இருக்கிறது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

நாகஜோதி முதலில் கல்லுக்கு எண்ணெய் தேய்த்தாள். காய்ந்து கறுத்திருந்த பழைய பூச்சு ஊறி வழிந்தது. இளநீரை வெட்டி ஊற்றினாள். கல் பளபளவென்று தெரிந்தது.

"இது எதுக்குத் தங்கச்சி?" என்றார் பாண்டியராஜ்.

"பழசைக் கழுவாமப் புதுசு ஒட்டாதுண்ணே."

அவருக்கு அந்தப் பேச்சுப் பிடித்துவிட்டது. கேமரா பக்கம் திரும்பி, பழசைக் கழுவினால்தான் புதுசு ஒட்டும், இந்தத் தொகுதியும் அப்படித்தான் என்று சொன்னார். மகளிரணி கைதட்டியது.

அவள் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மிளகாயும் உப்பும் வைத்து, தண்ணீர் தெளித்து அரைத்தாள். நெடி கிளம்பியது. முன்வரிசையில் இருந்தவர்கள் தும்மினார்கள். விழுது பதமாக வருகிற நேரத்தில் கேமராக்காரர் ஒருத்தர், வேட்பாளரும் ஒரு கை வைத்தால் படம் நன்றாக இருக்கும் என்றார். பூசாரி குறுக்கே வந்து, வேண்டாம் ஐயா, ஆம்பளைக் கைக்குப் பழக்கம் இல்லை, எரியும் என்றார். பாண்டியராஜ் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்து, குழவியை உருட்டினார். ஒதுங்கிய விழுதை உள்ளங்கையால் வழித்து நடுவில் தள்ளினார். பெண்கள் விரல் நுனியால் செய்கிற வேலையை அவர் முழுக் கையால் செய்தார். விரல் இடுக்கெல்லாம் சிவப்பு.

ஜக்கம்மாள் பதறிப்போய் எண்ணெய்ச் சொம்பை எடுக்கக் கை நீட்டினாள். நாகஜோதி சொம்பை எடுத்துத் தனக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். ஜக்கம்மாள் அவளைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. கையை மடக்கிக்கொண்டாள்.

நாகஜோதி விழுதை எடுத்துக் கல்லில் உச்சியிலிருந்து அடிவரை பூசினாள். முந்தானையிலிருந்து கொக்கியை எடுத்துக் கல்லின் காலடியில் வைத்தாள். திரும்பி நின்றாள். மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார்கள்.

"நான் போன வருஷம் இந்தக் கல்லுல இளஞ்செழியன் பேரைச் சொன்னேன். தப்புப் பேரு. அவரு என் புருஷன் உசுரோட இருக்கும்போது அவனுக்காகப் பேசினவரு. அந்தப் பேரைத் திருப்பி எடுத்துக்கிட்டேன். இப்பச் சரியான பேரைச் சொல்றேன், ஆத்தா நல்லாக் கேட்டுக்க. ஊருக்கு வாரோம்னு என் புருஷன் கேட்டப்ப, கட்சி மானம் போயிரும், அங்கேயே கெடன்னு சொன்னவன் பாண்டியராஜ். அவனைச் சொல்லச் சொன்னவன் அவன் தலைவன். இந்த ரெண்டு பேரும்."

யாரும் கைதட்டவில்லை. பாண்டியராஜ் எழுந்து நின்றார். என்ன சொல்வதென்று தெரியாதபோது அவர் எப்போதும் செய்வதைச் செய்தார். நெற்றி வேர்வையைக் கையால் வழித்து உதறினார்.

ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தங்கச்சிக்கு மனசு சரியில்லை என்று ஆரம்பித்தார். வேர்வையோடு மிளகாய் கண்ணுக்குள் இறங்கியது. கண்ணைக் கசக்கினார், அதே கையால். இன்னொரு கண்ணையும் கசக்கினார். தோள் துண்டை எடுத்து ஒற்றினார். அம்மியில் உட்கார்ந்தபோதே துண்டு முனையும் விழுதில் புரண்டிருந்தது. தண்ணி, தண்ணி என்றார். யாரோ ஒரு பாட்டில் தண்ணீரை முகத்தில் ஊற்றினார்கள். அது நெற்றியில் இருந்த மிச்சத்தையும் கொண்டுவந்து கண்ணில் சேர்த்தது. அவர் குனிந்து, அம்மியைப் பிடித்துக்கொண்டு, ஆத்தா, ஆத்தா என்று அலறினார். மைக் அதையும் எடுத்துக்கொண்டது.

கும்பலில் எங்கேயோ ஒருத்தி குலவை போட்டாள். சும்மா வேனில் ஏறி வந்தவளாக இருக்க வேண்டும். அவளைக் கேட்டு இன்னொருத்தி போட்டாள். பிறகு கட்சிச் சேலை கட்டிய அத்தனை பெண்களும் குலவை போட்டார்கள். அம்மன் கண்ணெதிரே கேட்டுவிட்டால் குலவை போடாமல் இருக்க அந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியாது. மகளிரணித் தலைவி நிறுத்துங்க, நிறுத்துங்க என்று ஓடி ஓடிச் சொல்லிப் பார்த்தாள்.

நாகஜோதி எண்ணெய்ச் சொம்பை எடுத்தாள். தன் கையில் நிதானமாகத் தடவி, விரல் விரலாகத் துடைத்தாள். சொம்பில் இன்னும் நிறைய இருந்தது. கீழே குனிந்து கிடந்தவரை ஒரு முறை பார்த்தாள். மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றினாள்.

அன்று பொழுது சாயுமுன் அந்தப் படம் எல்லார் போனிலும் ஓடியது. பாண்டியராஜைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். சதி என்று கட்சி சொன்னது. களத்து முதலாளி கட்சிக்காரர். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து அவள் வாசலில் நின்று, பேசினதை வாபஸ் வாங்கு என்றார்கள். கல்லிடம் போய்க் கேளுங்கள் என்று அவள் சொன்னாள். அவர்கள் அவள் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஜக்கம்மாள் ஒரு சட்டியோடு வந்தாள். அணையில் பிடித்த மீன் குழம்பு. மேலே எண்ணெய் சிவப்பாக மிதந்தது.

"வேலை போனா வேற களம் இருக்கு, நான் பேசுறேன். இப்ப இதைத் தின்னு. இம்புட்டு வெரசா ஆத்தா யாருக்கும் கேட்டதில்ல. என் கண்ணால பாத்தேன். தீந்துச்சுடி, வாயைத் தொற."

நாகஜோதி சட்டியை வாங்கி முகத்துக்கு நேராக வைத்து வாசம் பிடித்தாள். புளியும் மிளகாயும் வெந்தயமும் மண்டைக்குள் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு மூடியைப் போட்டாள்.

"கண்ணு எரிஞ்சதுக்கு மருந்து இருக்குக்கா. நாளைக்குக் காலையில அவன் முழிச்சுப் பாத்துருவான். வார மாசம் மணிக்கூண்டுலருந்து இன்னொரு பஸ்ஸு போகுதாம். ஆள் எடுத்துக்கிட்டு இருக்கானுக. தலைவன்தான் வந்து கொடி ஆட்டப் போறானாம்."

"அதுக்கு?"

"அந்த பஸ்ஸு நிக்கட்டும். அப்பத் திங்கிறேன்."

ஜக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழம்பு வீணாகப் போகுதே என்றாள்.

"சுண்ட வச்சு எடுத்து வை" என்றாள் நாகஜோதி. தட்டில் மோர்ச்சோற்றைப் போட்டு, அவித்த அவரைக்காயை எடுத்து வைத்தாள். மணிக்கூண்டுக்கு எந்த பஸ்ஸில் போனால் கூட்டம் சேருகிறதற்கு முன்னால் முன்வரிசையில் நிற்கலாம் என்று ஜக்கம்மாளிடம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.